அந்தத் தம்பியைப் பார்த்துச் சிரித்த சீனியர்களுக்கு

சென்னை ஆர்.சி. ஹெலி (ரேடியோவால் ஓட்டும் குட்டி ஹெலிகாப்டர்) குரூப்பில் ஞாயிற்றுக்கிழமை போட்ட வீடியோவைப் பெரும்பாலானவர்கள் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்கள் தேட வேண்டாம், ஒன்றும் குறைந்துவிடாது. ஓ.எம்.ஆர். தாண்டி ஒரு மனைப்பிரிவு. ஒரு 450 ஹெலி (பொம்மை ரகத்தைவிடப் பெரிய அளவு) தரையை விட்டே கிளம்பாமல் சாய்ந்து, தன் பிளேடால் தன் வாலையே வெட்டிக்கொண்டு துள்ளுகிறது. பின்னாலிருந்து நாலு பேர் சிரிப்பு. ரேடியோவை, அதாவது ஹெலியை ஓட்டும் ரிமோட்டை, இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தபடி கேமராவுக்கு முதுகு காட்டி நிற்கிறான் அந்தத் தம்பி. கமென்ட் முழுக்க வடிவேலு மீம்ஸ்.

எனக்கு எரிச்சல் அந்த ஹெலி விழுந்ததில் இல்லை. ஹெலி என்றால் விழும். சிரித்த நாலு பேரில் இரண்டு பேர் யார் தெரியுமா? கொஞ்ச நாள் முன்னால் இதே தம்பி குரூப்பில் வந்து "முதல் ஹெலி எது வாங்கலாம்ணா" என்று கேட்டபோது, "பொம்மையெல்லாம் வேணாம் தம்பி, நேரா 450 எடு, அப்பதான் கை வரும்" என்று அருள்வாக்கு சொன்ன அதே இரண்டு பேர். நான் அப்போது எழுதியது இன்னும் அங்கேதான் இருக்கிறது, போய்ப் பாருங்கள். முதலில் ரேடியோ, அப்புறம் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பழகும் சிமுலேட்டர், அதற்கப்புறம் கையளவு ஹெலி. அதற்கு வந்த பதில், "பொம்மை அண்ணன் வந்துட்டாருப்பா". அன்றிலிருந்து எனக்கு அதுதான் பெயர். சரி, இருந்துவிட்டுப் போகட்டும்.

பொம்மை அண்ணனாகவே மறுபடி சொல்கிறேன். முதல் காசு ரேடியோவுக்கு. ஹெலிக்கு இல்லை, ரேடியோவுக்கு.

புதிதாக வருகிறவர் வாங்கும் ஹெலி எதுவானாலும் உடையும். பிளேடு போகும், மெயின் ஷாஃப்ட் வளையும், பிளேடின் சாய்வை மாற்றும் குட்டி மோட்டாரான சர்வோவின் பல் கழன்று கிர்ரென்று கத்தும். ஆறேழு வருஷம் கழித்தும் கையில் இருக்கப்போவது அந்த ரேடியோ ஒன்றுதான். மல்டி புரோட்டோகால் ரேடியோ ஒன்று எடுத்தால் ஒரு கம்பெனிக்கு ஒரு பெட்டி என்று அடுக்க வேண்டியதில்லை, இன்றைக்கு வாங்கும் குட்டி ஹெலியும் நாளைக்கு வாங்கும் பெரியதும் பெரும்பாலும் அதிலேயே ஓடும். யூ.எஸ்.பி. வயர் போட்டால் சிமுலேட்டரும் அதிலேயே. குறைந்தது 6 சேனல், அதாவது ஆறு தனித்தனிக் கட்டளை, வேண்டும். 450 மாதிரி பிளேடின் கோணத்தை மாற்றி ஏறி இறங்கும் கலெக்டிவ் பிட்ச் ஹெலிக்குத் திராட்டில் (மோட்டார்), எய்லரான் (பக்கவாட்டுச் சாய்வு), எலிவேட்டர் (முன்பின் சாய்வு), ரட்டர் (வால்) போக பிட்ச்சுக்கு (பிளேடு கோணம்) ஒன்று, வாலை நிலையாகப் பிடிக்கும் ஜைரோவுக்கு ஒன்று. மோட்டாரை உடனே நிறுத்தும் திராட்டில் ஹோல்டுக்குத் தனியாக ஒரு சுவிட்ச், கண்ணை மூடிக்கொண்டு தட்டினாலும் கைக்கு வருகிற இடத்தில். இது இல்லாமல் யாரும் மோட்டார் வைத்த ஹெலி பக்கத்திலேயே போகக் கூடாது. அந்தத் தம்பியின் ரேடியோவில் திராட்டில் ஹோல்டு செட் பண்ணவே இல்லை. செட் பண்ணிக் கொடுக்க அத்தனை சீனியர்கள் சுற்றி நின்றும் யாருக்கும் தோன்றவில்லை. வீடியோ எடுக்க மட்டும் தோன்றியிருக்கிறது.

"சிமுலேட்டர் வீடியோ கேம்" என்பார்கள். சொல்கிறவர்களில் எத்தனை பேர் மூக்கைத் தங்கள் பக்கம் திருப்பி வைத்து ஒரு நிமிஷம் ஹெலியை நிறுத்துவார்கள் என்று நானும் கேட்கலாம், கேட்கவில்லை. வால் நம்மைப் பார்த்து இருக்கிறவரை எல்லாரும் பைலட்தான். மூக்கு நம் பக்கம் திரும்பினால் இடது வலதாகும், முன் பின்னாகும். அந்த நேரத்தில் மூளை யோசிக்கக் கூடாது, விரல் தானாகப் போக வேண்டும். விரலுக்கு அது வருவதற்குள் நூறு தடவை விழ வேண்டும். கம்ப்யூட்டரில் விழுந்தால் ஒரு பட்டனைத் தட்டினால் புது ஹெலி. மனைப்பிரிவில் விழுந்தால்? என் வீட்டில்கூடக் கிண்டல்தான். "ராத்திரி பதினோரு மணிக்கு கம்ப்யூட்டர்ல ஹெலிகாப்டர் ஓட்டுற ஒரே குடும்பஸ்தன் நீங்கதான்" என்பாள் மனைவி. ஓட்டினேன். அதனால்தான் என் முதல் ஹெலியின் பல்சக்கரம் இன்னும் மாற்றாமல் இருக்கிறது.

அந்த முதல் ஹெலி வி911. ஆமாம், பொம்மைதான். எடை ஏறக்குறைய 40 கிராம்தான். நாலு சேனல், ஃபிக்ஸட் பிட்ச்: பிளேடின் கோணம் மாறாது, வேகம் கூடினால் ஏறும், குறைந்தால் இறங்கும், அவ்வளவுதான். கொளத்தூரில் எங்கள் மொட்டை மாடியில் விடிகாலையில் பழகுவேன். ஒரு நாள் திடீரென்று காற்று தூக்கிக்கொண்டு போய், பக்கத்து மாடியில் மாமி பிழிந்து காய வைத்திருந்த வடாம் நடுவில் இறக்கிவிட்டது. சுவரேறிப் பார்க்கிறேன், வெள்ளை வேட்டியில் வரிசையாக ஓமப்பொடி வடாம், அதில் ஒன்றை மட்டும் பிளேடு இழுத்து நூலாக்கிவிட்டு அப்படியே உட்கார்ந்திருக்கிறது. மாமி இரண்டு விரலால் தூக்கிக் கொடுத்து, "இந்தாப்பா, உன் ஈசல்" என்றார். பிளேடு உடையவில்லை. மாமிக்கு ஒன்றும் ஆகவில்லை. வடாம்கூட ஒன்றுதான் போனது.

இப்போது அதே இடத்தில் ஒரு 450-ஐ வைத்துப் பாருங்கள். 325 மில்லிமீட்டர் பிளேடு இரண்டு, நிமிடத்துக்கு 2,700 சுற்று. கணக்குப் போட்டால் பிளேடு நுனியின் வேகம் மணிக்கு 350 கிலோமீட்டருக்கு மேல். கார்பன் ஃபைபர் வேறு. 2013-இல் புரூக்ளினில் 19 வயதுப் பையன் ஒருவன் தன் சொந்த ஆர்.சி. ஹெலியின் பிளேடு தலையில் பட்டே இறந்துபோனான். அவன் புதியவன்கூட இல்லை, நன்றாகப் பழகியவன். இதைக் குரூப்பில் சொன்னால் "பயமுறுத்தாதீங்க பாஸ்" என்று வருகிறது. பயப்பட வேண்டிய பொருளுக்குப் பயப்பட வேண்டும், பாஸ்.

"பெரிய ஹெலிதான் நிலையா நிக்கும், சின்னது துள்ளும்" என்று ஒரு வாதம். உண்மைதான், ஒத்துக்கொள்கிறேன். ஹெலி பெரிதாக ஆக ஆகக் காற்றுக்கு அசையாது, கைக்கும் பொறுமையாகப் பதில் சொல்லும். ஆனால் அந்த நிதானம் பழகிய கைக்கு. பழகாத கை முதலில் செய்வது என்ன? தரையில் ஸ்கிட் (ஹெலியின் கால்) இன்னும் ஊன்றியிருக்கும்போதே ஹெலி ஒரு பக்கம் சாய்கிற மாதிரி தெரியும், பயந்துபோய் குச்சியை மறுபக்கம் தள்ளும், ஹெலி அங்கேயே கவிழும். வீடியோவில் நடந்தது இதுதான். இதில் சிரிக்க என்ன இருக்கிறது? நீங்களும் இதைத்தானே செய்தீர்கள், உங்கள் காலத்தில் வீடியோ எடுக்க ஆளில்லை.

கோஆக்சியல் பற்றிக் கேட்கிறவர்களுக்கு: இரண்டு ரோட்டர் எதிரெதிராகச் சுற்றுவது, தானே நிலையாக நிற்கும், ஹாலில் குழந்தைக்கு வாங்கிக் கொடுக்கலாம். பழக நினைத்தால் சீக்கிரம் தாண்டிவிடுவீர்கள். ட்ரோன் வாங்கலாமே என்கிறவர்கள் தாராளமாக வாங்குங்கள், ஜி.பி.எஸ். பார்த்துக்கொள்ளும். நான் பேசுவது கையால் பிடித்து நிறுத்த ஆசைப்படுகிறவர்களிடம்.

அஜித் வீடியோ பார்த்துவிட்டு வருகிற பையன்களைக் கிண்டல் செய்வதும் இங்கே ஒரு வழக்கமாகிவிட்டது. அவர் 2018-இல் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் ட்ரோன் செய்யும் தக்‌ஷா மாணவர் அணிக்கு ஆலோசகரானபோது இந்த ஊரில் எத்தனை பையன்கள் முதல் தடவையாக ஆர்.சி. என்ற விஷயத்தையே கேள்விப்பட்டார்கள்! வந்தவர்களை நாம்தான் பிடித்து வைத்திருக்க வேண்டும். நாம் என்ன செய்தோம்? "450-க்குக் கீழே பேசாதே" என்றோம்.

"அவன் காசு, அவன் வாங்குறான், உனக்கென்ன வலிக்குது?" என்று ஒருவர் நேற்று இன்பாக்ஸில். வலிக்கிறது, ஐயா. அது அவன் காசுகூட இல்லை, அவன் அப்பா சீட்டு எடுத்த காசு. 28,000 ரூபாய். ஞாயிறு சாயங்காலம் ஹெலியைப் பையில் போட்டு என் வீட்டுக்குக் கொண்டுவந்தான். கழற்றிப் பார்த்தோம். இரண்டு பிளேடையும் தாங்கும் கம்பியான ஃபெதரிங் ஷாஃப்டை உருவிக் கண்ணாடி மேஜையில் உருட்டினால் டக் டக் என்று தட்டிக்கொண்டு போகிறது, வளைந்திருக்கிறது. சரி, அது அன்றைக்கு வளைந்ததாக இருக்கலாம். ஆனால் மெயின் கியரில் இரண்டு பல் இல்லை, உடைந்த இடத்தில் கிரீஸும் தூசியும் கறுப்பாக ஏறி இறுகியிருந்தது. காலையில் உடைந்த பல்லில் சாயங்காலத்துக்குள் அவ்வளவு அழுக்கு எங்கிருந்து வரும்? பேட்டரி இரண்டில் ஒன்று உப்பிப் போயிருக்கிறது. "ஒரு கிராஷ்கூட ஆகாத பீஸு" என்று சொல்லி விற்றவர் யார் என்று நான் எழுதப்போவதில்லை. அவருக்குத் தெரியும். 450 வாங்கு என்று சொன்ன குரூப்பிலேயே 450 விற்பனைக்கு இருந்தது எவ்வளவு வசதி பாருங்கள்.

"நீ என்ன பெரிய யோக்கியனா, உனக்கு 3டி வராது, அதான் பொறாமை" என்று இதற்கும் வரும். வராதுதான். தலைகீழாகப் பறக்க எனக்கு ஆசையும் இல்லை. ஆனால் யாராவது அந்தக் குரூப்பில் பேட்டரியை எப்படிச் சார்ஜ் பண்ணுவது என்று ராத்திரி ஒரு மணிக்குக் கேட்டால் பதில் போட்டவன் யார் என்று தேடிப் பாருங்கள். கடல்காற்று மத்தியானம் ஏறும், காலை எட்டுக்குள் முடி என்று சொன்னவன் யார்? மெரினா மணலில் பழகாதே, பேரிங் போய்விடும் என்று சொன்னவன் யார்? 2021 ட்ரோன் விதிகளின்படி விமான நிலைய எல்லையிலிருந்து 8 கிலோமீட்டருக்குள் அனுமதியில்லாமல் பறக்கவிடக் கூடாது, மீனம்பாக்கத்தைச் சுற்றி வட்டம் போட்டால் நம் ஊரில் நிறைய இடங்கள் உள்ளே வந்துவிடும், அரசின் ட்ரோன் வான்வெளி வரைபடம் பார்த்துவிட்டுக் கிளம்பு என்று ஒவ்வொரு தடவையும் கத்துகிறவன் யார்? அப்போதெல்லாம் "நன்றி அண்ணா". மற்ற நேரத்தில் பொம்மை அண்ணன்.

அந்த வீடியோவை எடுத்துவிடுங்கள் என்று அட்மினிடம் இரண்டு முறை கேட்டேன். "ஜாலியா எடுத்துக்கங்க ப்ரோ" என்று பதில். குரூப்பை விட்டு வெளியே வந்துவிட்டேன், அதையும் யாரோ ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போட்டிருக்கிறார்கள் என்று கேள்வி.

தம்பி, இதை நீ படிப்பாய் என்று தெரியும். 450-ஐ விற்காதே, விற்றாலும் இப்போது எவனும் நியாயமான விலை தரமாட்டான். வாலும் கியரும் ஷாஃப்டும் பிறகு மாற்றிக்கொள்ளலாம், அவசரமில்லை. சனிக்கிழமை ரேடியோவை மட்டும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வா, சிமுலேட்டரில் ஏற்றிவிடலாம், வி911-ஐயும் தருகிறேன். உப்பின பேட்டரியைச் சார்ஜரில் போடாதே, மெத்தைக்குப் பக்கத்தில் வைக்காதே, மணல் போட்ட தகர டப்பாவில் வைத்து வராந்தாவில் வை. நல்லா இருக்கிற பேட்டரி ஞாயிற்றுக்கிழமையிலிருந்து ஃபுல் சார்ஜில்தான் கிடக்கிறது என்று நினைக்கிறேன். இன்று ராத்திரியே சார்ஜரின் ஸ்டோரேஜ் மோடில் போட்டு பேட்டரியின் ஒவ்வொரு செல்லையும் 3.8 வோல்ட்டுக்கு இறக்கிவிடு.