11ஆம் எண் கூண்டும் 'வைக்கப்படும்' என்கிற வார்த்தையும்

செப்டம்பர் கடைசி ஆனால் கடலூர் சிப்காட்டிலும், புதுச்சேரி சேதராப்பட்டு, மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைகளிலும் ஒரு மீட்டிங் தவறாமல் நடக்கும். மழைக்கால முன்னேற்பாடு. டீ வரும், சமோசா வரும், மறுநாள் மினிட்ஸ் வரும். "போதுமான டீசல் இருப்பில் வைக்கப்படும். வடிகால் சுத்தம் செய்யப்படும். மூலப்பொருள் முன்கூட்டியே வாங்கப்படும். நிலைமை தொடர்ந்து கண்காணிக்கப்படும்." மினிட்ஸ் இங்கிலீஷில் இருந்தாலும் சாரம் இதேதான். வாட்ஸ்ஆப் குரூப்பில் பதினாலு பேர் "நோட்டட் சார்" போடுவார்கள். திட்டம் முடிந்தது.

இந்தப் 'படும்' இருக்கிறதே, அது எழுதுகிறவருக்கு ரொம்ப வசதி. யார், எவ்வளவு, எத்தனை மணிக்குள் என்று எதையும் சொல்ல வேண்டாம். செப்டம்பரில் மேனேஜர் 'படும்' என்று எழுதினால், டிசம்பரில் படுவது ஷிப்ட் இன்சார்ஜ்.

டீசலையே எடுத்துக்கொள்வோம். 250 கேவிஏ ஜெனரேட்டர், லோடு 150 கிலோவாட் என்று வையுங்கள். ஒரு லிட்டருக்கு மூன்றரை யூனிட் கிடைத்தால் மணிக்கு 43 லிட்டர் குடிக்கும். ஒரு நாளைக்கு ஆயிரத்துச் சொச்சம், மூன்று நாளைக்கு 3,100 லிட்டர். ஆனால் லைசென்ஸ் இல்லாமல் ஓர் இடத்தில் வைக்கக்கூடிய டீசல் மொத்தமே 2,500 லிட்டர்தான். அதிலும் எந்த ஒரு கலனும் 1,000 லிட்டரைத் தாண்டக் கூடாது. பல கம்பெனிகளில் டேங்க் சரியாக 990 லிட்டரில் நிற்பதற்குக் காரணம் இதுதான். ஆக, லைசென்ஸ் எடுக்காத கம்பெனி "மூன்று நாள் டிஜி (டீசல் ஜெனரேட்டர்) பேக்கப்" என்று எழுதினால் அது பொய்க் கணக்கு. 2,500 லிட்டர் முழுசாக இருந்தாலும் 58 மணி நேரம்தான் ஓடும். 'தானே' புயல் 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையைக் கடந்த பிறகு எத்தனை நாள் இருட்டில் கிடந்தோம் என்பதை இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

அப்படியானால் மீட்டிங்கில் கேட்க வேண்டிய கேள்வி "எவ்வளவு டீசல்" என்பதே இல்லை. எதை அணைக்கப் போகிறோம் என்பதுதான். ஏசி, ஆபீஸ், ஒரு கம்ப்ரசர், பேக்கிங் லைன் எல்லாவற்றையும் நிறுத்தி, ரியாக்டர் (வேதிவினை நடக்கும் கலன்) கலக்கி, கூலிங் வாட்டர் பம்ப், தீயணைப்பு, கழிவுநீர் பம்ப் மட்டும் என்று 60 கிலோவாட்டுக்கு இறக்கினால் மணிக்கு 20 லிட்டர் போதும். அதே டீசல் ஐந்து நாள் வரும். ஆனால் பேக்கிங் லைனை அணைக்கச் சொன்னால் பேக்கிங் மேனேஜர் முகம் மாறும். மீட்டிங்கில் யாரும் இந்தப் பேச்சை எடுக்காததற்கு அதுதான் காரணம். யாருக்கும் வலிக்காத வரியாகப் பார்த்து எழுதிவிட்டு எழுந்துவிடுகிறோம். ஹெர்பர்ட் சைமன், 1978இல் பொருளாதார நோபல் வாங்கியவர், நிர்வாகிகளைப் பற்றிச் சொன்னது இதுதான்: இருப்பதில் சிறந்ததைத் தேடுவதில்லை, 'இது போதும்' என்று தோன்றுகிற முதல் வழியோடு நின்றுவிடுகிறார்கள். நேரமும் தகவலும் குறைவு, வேறு வழியில்லை என்பதையும் அவரே ஒத்துக்கொண்டார். எனக்கும் அதில் மறுப்பில்லை. எது 'போதும்' என்கிற அளவையாவது எண்ணாக எழுதுங்கள் என்கிறேன்.

நம் துறைமுகங்களில் ஏற்றுகிற புயல் எச்சரிக்கைக் கூண்டைப் பாருங்கள். 1, 2 என்றால் புயல் தூரத்தில். 3, 4 என்றால் துறைமுகத்துக்கே மோசமான வானிலை. 5 முதல் 7 வரை அபாயம், 8 முதல் 10 வரை பெரும் அபாயம். எண் ஏறியதும் யாரும் உட்கார்ந்து விவாதிப்பதில்லை, அந்தந்த எண்ணுக்கான வேலை தொடங்கிவிடும். இந்த வரிசையில் எனக்குப் பிடித்தது 11. வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது, மோசமான வானிலை வரும் என்று அங்கே இருக்கும் அதிகாரியே முடிவு செய்கிறார் என்று அதற்கு அர்த்தம். மேலிடத்தோடு பேச முடியாத நேரத்துக்கும் ஓர் எண் வைத்திருக்கிறார்கள். நம் கம்பெனிகளின் திட்டத்தில் அந்த எண்தான் இல்லை.

கம்பெனியில் நடப்பது என்ன? "கலெக்டர் லீவு விடட்டும், பாத்துக்கலாம்." பள்ளிக்கூடத்துக்கு விடுகிற லீவைப் பார்த்து ரியாக்டரை நிறுத்துகிறார்கள்! அதிலும் இங்கே கூடுதல் சிக்கல். புதுச்சேரி அரசு ஒன்று சொல்லும், கடலூர் ஆட்சியர் வேறு சொல்வார். கம்பெனி பஸ்ஸோ பாகூர் வழியாக இரண்டு எல்லையையும் தாண்டி வந்தாக வேண்டும்.

பேட்ச் பேட்ச்சாக, அதாவது ஒரு தடவை மூலப்பொருள் போட்டால் முடியும்வரை ஓடுகிற கெமிக்கல் யூனிட்டில் நிறுத்தும் நேரத்தைப் பின்னோக்கித்தான் கணக்குப் போட வேண்டும். ஒரு பேட்ச் 18 மணி நேரம். முடிந்து குளிரவைத்துக் காலி செய்ய 4. ஆட்களை வீட்டுக்கு அனுப்ப 3. பலத்த காற்று கரையைக் கடப்பதற்கு முன்பே ஆரம்பிக்கும், அதற்கு ஒரு 6. ஆக மொத்தம் 31 மணி. அதாவது, கரையைக் கடக்கும் என்று சொல்லப்படும் நேரத்துக்கு 31 மணி நேரத்துக்குள் ரியாக்டருக்குள் புதிதாக சார்ஜ் (மூலப்பொருள்) போடக் கூடாது. பாதியில் நிறுத்த முடியாத பேட்ச்சில் ஒரு ட்ரம் உள்ளே போய்விட்டால் அப்புறம் முடிவு நம் கையில் இல்லை. நான் பாதுகாப்பு ஆசாமி, இன்னும் 5 மணி சேர்த்து 36 என்று எழுதுவேன். "நம்ம பசங்க 2 மணி நேரத்துல காலி பண்ணிடுவாங்க" என்று ஒருவர் சொல்வார். எல்லாம் ஒழுங்காக நடந்தால் எவ்வளவு நேரம் ஆகும் என்பதை வைத்தே மனிதர்கள் திட்டம் போடுகிறார்கள் என்று உளவியலாளர்கள் கானமனும் ட்வெர்ஸ்கியும் 1979லேயே எழுதிவிட்டார்கள். பழைய லாக் புக்கைப் புரட்டி, மழை நாளில் உண்மையில் எவ்வளவு ஆனது என்று பார்த்து அந்த எண்ணைப் போடுங்கள்.

"தெளிவு கிடைக்கட்டும்" என்று காத்திருப்பதன் விலையை 2024இல் 'ஃபெஞ்சல்' புயல் காட்டியது. நவம்பர் 28இல் அது புயலாக மாறாது, ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வாகவே கடக்கும் என்ற கணிப்பு. 29இல் புயலானது. 30 இரவு புதுச்சேரி அருகே கடந்த பிறகும் நகராமல் அங்கேயே மணிக்கணக்கில் நின்று கொட்டியது. 24 மணி நேரத்தில் 46 செ.மீ.க்கும் மேல். வானிலைத் துறையைக் குறை சொல்லிப் பயனில்லை, வங்கக் கடல் அப்படித்தான். தெளிவு வந்து சேரும்போது அந்த 36 மணி நேரம் கடந்து போயிருக்கும்.

மழை விட்டதும் திட்டத்தை மூடிவிடுவது அடுத்த பிழை. டிசம்பர் 2 அதிகாலையில் தென்பெண்ணையின் மேலே இருக்கும் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி திறந்தார்கள். கடலூரில் தென்பெண்ணைக் கரையோரம் மூழ்கியது புயல் போன பிறகுதான். ஆகவே உங்கள் திட்டத் தாளில் மழை அளவோடு சாத்தனூர் வெளியேற்றமும் ஒரு வரியாக இருக்க வேண்டும். கம்பெனிக்குள் ஒரு சொட்டு வராவிட்டாலும், ஆற்றுப் பாலத்தில் போக்குவரத்து நின்றால் அடுத்த ஷிப்ட் வராது.

இவ்வளவும் மேனேஜர்களுக்குத் தெரியாததல்ல. தெரிந்தும் நிறுத்தாததற்கு ஒரு நியாயமான காரணம் இருக்கிறது. நிறுத்தினார், புயல் ஆந்திராவுக்குத் திரும்பிவிட்டது. மாத ரிவ்யூவில் "ஒரு நாள் உற்பத்தி இழப்பு" என்று அவர் பேரில் ஒரு வரி ஏறும். நிறுத்தவில்லை, புயல் திரும்பிவிட்டது. "தைரியமான ஆளு" என்று பேர். எடுத்த ஆபத்து எந்த எக்செல் ஷீட்டிலும் ஏறாது. இப்படி ரெண்டு வருஷம் போனால் எந்த மேனேஜரும் நிறுத்த மாட்டார். நானாக இருந்தாலும் நிறுத்த மாட்டேன். இதற்கு நான் பார்த்த ஒரே மருந்து: சீசனுக்கு முன்பே எம்.டி. கையெழுத்தோடு "இந்த ஆண்டு 3 வீண் நிறுத்தங்கள் அனுமதி" என்று எழுதி, அதன் செலவை பட்ஜெட்டிலேயே போட்டுவிடுவது. அப்புறம் விளைவைக் கேட்கக் கூடாது. எண் வந்ததா, எண்படி நடந்தாரா என்று மட்டும் கேட்க வேண்டும்.

ஸ்டாக் விஷயம் சுருக்கமாக. குஜராத்திலிருந்து லாரியில் வரும் ஒரு பொருள், சராசரியாக நாளுக்கு 40 மூட்டை, வந்து சேர 7 நாள். 280 மூட்டை இருக்கும்போது ஆர்டர் போட்டால் போதும் என்று சிஸ்டம் சொல்லும். மழையில் 12 நாள் ஆகலாம், ஒரு நாளைக்கு 50 கூட ஓடலாம். 600இல் ஆர்டர் போட வேண்டும். ஸ்டோர்ஸ் கேட்கும், பைனான்ஸ் "சரக்கில் பணம் முடங்குது" என்று மறுக்கும். இருவரையும் வெவ்வேறு எண்ணால் அளக்கிறீர்கள், சண்டை வராமல் என்ன செய்யும்? அக்டோபர் முதல் டிசம்பர் வரை பைனான்ஸின் ஸ்டாக் இலக்கைத் தளர்த்துவது எம்.டி.யின் வேலை. வாங்கிய 600 மூட்டையின் அடிவரிசை பாலெட்டில் தரையிலிருந்து 15 செ.மீ. உயரத்தில்தான் நிற்கும் என்பதையும் ஒரு எட்டு நடந்து பார்த்துவிடுங்கள்.

"பம்ப் வெச்சு இறைச்சிடலாம்" என்கிறவர்களுக்கு: 2 ஏக்கர் வளாகத்தில் 46 செ.மீ. மழை என்றால் சுமார் 37 லட்சம் லிட்டர். நிமிடத்துக்கு 1,000 லிட்டர் இறைக்கிற பம்ப் நிற்காமல் 62 மணி நேரம் ஓட வேண்டும். எங்கே இறைப்பீர்கள், வெளியே ரோட்டிலும் அதே தண்ணீர்தானே? பம்ப் வாடகையை விட பேனலையும் மோட்டாரையும் இரண்டடி தூக்கி வைப்பது லாபம். கழிவுநீர்த் தொட்டியை அக்டோபர் பாதிக்குள் அரைமட்டத்துக்குக் கீழே இறக்கிவிடுங்கள். மழைநீர் கலந்து வழிந்தால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குப் பதில் சொல்வது தனி வேலை.

கடைசியாக அந்த 11. இரவு இரண்டு மணி, டவர் இல்லை, கரண்ட் இல்லை, உள்ளே இருப்பது ஷிப்ட் இன்சார்ஜ். அவர் கையெழுத்துக்கு 5,000 ரூபாய்தான் வரம்பு. டிராக்டர் வாடகைக்கே அது பற்றாது. "தொடர்பு அறுந்தால் 72 மணி நேரத்துக்கு 50,000 வரை செலவு செய்யலாம், பில் பிறகு, பிளான்ட்டை நிறுத்த யாரையும் கேட்க வேண்டாம்" என்று ஒரே தாளில், பெயர் போட்டு, மாற்று ஆள் பெயரும் போட்டு, லேமினேட் செய்து கன்ட்ரோல் ரூமிலும் செக்யூரிட்டி கேட்டிலும் ஒட்டுங்கள். ஷேர் டிரைவில் வைத்தால் கரண்ட் இல்லாத அன்று யார் திறப்பது?

அந்தத் தாளோடு டீசல் ரூம் சாவியின் நகலும் கன்ட்ரோல் ரூமில் தொங்கட்டும். பாதி கம்பெனிகளில் அது ஸ்டோர்ஸ்காரர் பையில் இருக்கிறது, அவர் அஞ்சரைக்கு பஸ் ஏறிவிடுவார்.