மஞ்சள் ஏறிய தட்டு

போன வாரம் வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. இரண்டு வருடத்துக்கு முன்னால் சென்னையில் ஒரு கண்காட்சியில் என்னிடம் ஆறு தட்டு வாங்கிய அக்கா அனுப்பியிருந்தார். வாங்கும்போது பால் வெள்ளை. இப்போது தட்டு முழுக்கச் சிலந்தி வலை மாதிரி மஞ்சள் கோடுகள். படத்துக்குக் கீழே ஒரே வரி: "நீங்க கிராக்கிள்னு சொன்னீங்களே, அது இதானா, இல்ல எங்க வீட்டு சாம்பாரா?"

ரெண்டும்தான் அக்கா, என்று பதில் போட்டேன். போட்டுவிட்டு அன்று முழுக்கச் சக்கரத்தில் உட்காரவே மனசு வரவில்லை.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்தத் தட்டுகளில் இருந்தது கிராக்கிள் இல்லை. பிழை.

கிளேஸ் என்பது மண்ணின் மேல் உருகி ஒட்டிக்கொண்ட கண்ணாடி, அவ்வளவுதான். சூளை ஆறும்போது மண்ணும் சுருங்கும், கண்ணாடியும் சுருங்கும். கண்ணாடி கொஞ்சம் அதிகமாகச் சுருங்கினால், சின்னப் பையனுக்கு எடுத்த சட்டையைப் பெரியவன் மாட்டிக்கொண்ட மாதிரி இழுபட்டு, மயிரிழை மயிரிழையாக வெடிக்கும். கிளேஸில் சேர்க்கும் ஃபெல்ட்ஸ்பார் என்ற கல்மாவில் இருக்கும் சோடியமும் பொட்டாசியமும்தான் இதில் முதல் குற்றவாளிகள். என் வெள்ளை கிளேஸில் பாதிக்கு மேல் ஃபெல்ட்ஸ்பார். அதைக் குறைத்துக் குவார்ட்ஸ் என்ற இன்னொரு கல்மாவைக் கூட்டினால் சரியாகும் என்று இந்தத் தொழிலில் முதல் வருடமே எல்லோரும் படிக்கிறோம். எனக்கும் தெரியும்.

ஆனால் கண்காட்சிக்கு நாலு நாள்தான் இருந்தது. ஒன்றரை நாள் ஆற வேண்டிய சூளையை அவசரப்பட்டு மறுநாள் மாலையே திறந்தேன். திறந்ததும் சத்தம். டிங். கொஞ்சம் விட்டு டிங், டிங். கண்ணாடி வளையல் உடைகிற மாதிரி. மேசையில் அடுக்கி வைத்த பிறகும் ராத்திரி வரை பாடிக்கொண்டே இருந்தன. நாற்பத்தாறு தட்டு. ராத்திரி பத்து மணிக்கு உட்கார்ந்து அட்டை எழுதினேன்: "கிராக்கிள் ஃபினிஷ்". எழுதியதோடு விடவில்லை, தட்டுக்கு நூறு ரூபாய் ஏற்றியும் போட்டேன். இரண்டாம் நாள் மதியத்துக்குள் எல்லாம் தீர்ந்துவிட்டது.

கிராக்கிள் என்று ஒன்று இல்லாமல் இல்லை. சீனாவில் சோங் வம்ச காலத்தில் வேண்டுமென்றே கிளேஸை வெடிக்க வைத்தார்கள். அந்தக் கோடுகளில் நிறம் ஏற்றி, பெரிய வலைக்குள் சின்ன வலை என்று அடுக்கடுக்காகக் காட்டினார்கள். எந்த அளவு வெடிக்கும், எந்த நிறம் ஏறும் என்று தெரிந்து செய்தார்கள். அதில் யாரும் சாம்பார் ஊற்றிச் சாப்பிடவில்லை. என்னுடையது சாப்பாட்டுத் தட்டு. உயர்சூட்டில் கல் மாதிரி இறுகிய ஸ்டோன்வேர் என்பதால் ஒழுகாது, சரி. ஆனால் கோட்டுக்குள் மஞ்சள் இறங்கும், எண்ணெய் இறங்கும், தட்டின் பலமும் குறையும்.

இதை எழுத இன்னொரு காரணமும் இருக்கிறது. இப்போது ஸ்டால் போட்டால் பத்து பேரில் நாலு பேராவது கப்பைக் கையில் எடுத்து, அதில் இருக்கும் ஊசித்துளையைத் தடவிப் பார்த்து, "பிழை இருந்தாதானே கையால செஞ்சது" என்கிறார்கள். வாபி-சாபி என்கிறார்கள், குறையிலும் அழகைப் பார்க்கும் ஜப்பானியப் பார்வை அது. சொல்கிறவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அந்த வார்த்தையை அவர்கள் வாயில் வைத்ததே எங்களைப் போன்றவர்கள்தான். சூளையில் எது கெட்டாலும் அதற்கு ஒரு ஜப்பானியப் பெயர் கையில் இருக்கிறது. ஆடுகிற கப்பு, உதட்டைக் கீறுகிற விளிம்பு, மூக்கிலிருந்து ஊற்றும்போது பாதி மேசையில் வழிகிற டீ பாட், எல்லாமே இப்போது அழகு. நான் இதை ஒத்துக்கொள்ள மாட்டேன்.

எங்கள் அப்பா கேட்டால் சிரிப்பார். விழுப்புரம் பக்கம் வேளார் குடும்பம் எங்களுடையது. அப்பா பானையை வனைவார். அடியில்லாமல்தான் சக்கரத்திலிருந்து நூல் விட்டு அறுத்து எடுப்பார். அது கொஞ்சம் இறுகியதும், உள்ளே ஒரு கல்லைப் பிடித்து வெளியே கட்டையால் தட்டித் தட்டி அடியை மூடுவது அம்மாவும் அத்தையும். காவி பூசுவதும் அவர்கள்தான். சக்கரத்தைப் பெண்கள் தொடக் கூடாது. நான் தொட்டதும் அதற்காக வாங்கியதும் தனிக் கதை, இன்னொரு நாள் எழுதுகிறேன்.

சந்தையில் அப்பாவிடம் பானை வாங்குகிறவர்கள் யாரும் நிறத்தைப் பார்க்க மாட்டார்கள். இடது கையில் தூக்கிப் பிடித்து, வலது கை விரலை மடக்கித் தட்டுவார்கள். டங் என்றால் நல்ல பானை. டப் என்றால் எங்கேயோ விரிசல், இல்லையென்றால் வேகவில்லை. ஏமாற்றி விற்றால் அடுத்த வாரம் அதே சந்தைக்கு அந்தப் பானையைத் தூக்கிக்கொண்டு வந்து, நம் காலடியிலேயே போட்டு உடைத்துவிட்டுப் போவார்கள். அப்பாவுக்கு ஒருமுறை அது நடந்திருக்கிறது. இருபத்தைந்து வருடம் ஆகியும் அந்த அம்மா கட்டியிருந்த புடவை நிறம் வரை சொல்வார்.

இன்ஸ்டாகிராமில் வாங்குகிறவர் எதைத் தட்டுவார்?

நான் ஸ்டோன்வேர் கற்றது புதுச்சேரியில். 1971-ல் ரே மீக்கர், டெபோரா ஸ்மித் என்ற இரண்டு அமெரிக்கர்கள் அங்கே தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியிலிருந்து கிளை விட்டவைதான் இந்தப் பக்கத்துப் பட்டறைகள் பலவும். எனக்குச் சொல்லிக்கொடுத்தவரும் அந்த வழியில் வந்தவர். டெபோரா அதற்கு முன்னால் ஜப்பானில் மண்பாண்டத்துக்குப் பேர்போன பிசென் ஊரில் கற்றவர். அதனால் எங்கள் பேச்சில் ஜப்பான் நடமாடுவதில் ஆச்சரியம் இல்லை. ஆனால் அங்கிருந்து நாம் கடன் வாங்கியது பாதிதான் என்று தோன்றுகிறது. பெயரை வாங்கினோம். அதற்குப் பின்னால் இருந்த கண்டிப்பு வரவில்லை.

மூன்று வருடமாக நான் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கும் ஒரு அலங்காரத்தைச் சொன்னால் நான் என்ன சொல்ல வருகிறேன் என்பது புரியும்.

சக்கரத்தில் கவிழ்த்து வைத்து அடியைச் சீவும்போது, மண் கொஞ்சம் அதிகமாகக் காய்ந்திருந்தாலோ தகடு தளர்வாக இருந்தாலோ, தகடு துள்ளும். டடடடட என்று வரிவரியாகப் பள்ளம் விழும். எல்லா மாணவர்களுக்கும் வருகிற தப்பு இது, திட்டு வாங்காதவர்கள் கிடையாது. ஜப்பானில் ஓண்டா என்ற மலையூரில் ஒரு சில குடும்பங்கள் இதே தப்பை எடுத்துக்கொண்டு வேலையாக மாற்றிவிட்டார்கள். கறுத்த மண்ணின் மேல் வெள்ளை மண்குழம்பு பூசி, வளையும் தகட்டை மெல்லக் காட்டினால், துள்ளும் இடமெல்லாம் வெள்ளை போய் அடியில் இருக்கும் மண் எட்டிப் பார்க்கும். தோபிகன்னா என்று பெயர். தட்டின் நடுவிலிருந்து விளிம்பு வரை நெல்மணி சிதறிய மாதிரி சுற்றிச் சுற்றி வரும்.

புதுச்சேரிக்குப் பக்கத்தில் பழைய துறைமுகமாக இருந்த நம் அரிக்கமேட்டிலும் இதற்கு ஒரு ஒன்றுவிட்ட சொந்தம் இருக்கிறது. 1945-ல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது கிடைத்த ரௌலட்டட் தட்டுகளின் உட்புறம் நுணுக்கமான புள்ளி வளையங்கள். சின்னப் பல்சக்கரத்தை உருட்டிப் பதித்தது என்றார்கள், துள்ளும் தகட்டால் வந்தது என்றும் ஒரு கட்சி இருக்கிறது. வீலர் காலத்தில் அது கடல் கடந்து வந்த சரக்கு என்று நினைத்தார்கள், பிறகு மண்ணைச் சோதித்தவர்கள் இந்தியாவிலேயே செய்தது என்றார்கள். புதுச்சேரி அருங்காட்சியகத்தில் அரிக்கமேட்டுச் சில்லுகளைப் பார்த்துவிட்டு வந்த அன்றுதான் எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது.

தகட்டுக்கு நான் பட்ட பாடு! கடையில் விற்கும் சீவுளி எதுவும் துள்ளவில்லை. ஹேக்சா பிளேடைச் சூடாக்கி வளைத்தேன், உடைந்தது. கடைசியில் டைல்ஸ் பெட்டி கட்டி வரும் இரும்புப் பட்டை ஒன்று குப்பையில் கிடந்தது. ஒரு சாண் வெட்டி, நுனியை மடித்து, கல்லில் தேய்த்துப் பிடித்தேன். முதல் தட்டிலேயே பாடியது. அந்த ஒரு தட்டு அவ்வளவு அழகு. அடுத்த முப்பதும் குப்பை.

எல்லாம் ஈரப்பதத்தில் இருக்கிறது. விரலால் அழுத்தினால் பதியக் கூடாது, நகம் வைத்தால் மட்டும் கீற வேண்டும். அந்தப் பதம் ஆடிக் காற்றில் அரை மணி நேரம்கூட நிற்காது. அதுவும் விளிம்பு காய்ந்து நடு ஈரமாகவே இருக்கும். கார்த்திகை மழையில் இரண்டு நாள் ஆனாலும் வராது. குழம்பு கனமாக இருந்தால் செதில் செதிலாகப் பெயரும். மெலிதாக இருந்தால் நெல் தெரியாது, சொறி பிடித்த மாதிரி இருக்கும். எல்லாம் சரியாக வந்து, மேலே பக்கத்து பரோட்டா கடைச் சாம்பலில் செய்த கிளேஸைப் பூசினால், 1280 டிகிரியில் அது உருகி ஓடிப் பாதி நெல்லை முழுங்கிவிடும். அந்தக் கடைக்காரர் சவுக்கு விறகை விட்டுப் புளிய விறகுக்கு மாறிய மாதம் என் கிளேஸும் மாறிவிட்டது. அவரிடம் போய், "அண்ணா, பழைய விறகே வாங்குங்க" என்று கேட்டேன். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

முதலில் வந்த அந்த ஒரு தட்டை மூவாயிரம் தருகிறேன் என்று கேட்டார்கள். விற்கவில்லை. அது நான் செய்ததில்லை, தானாக நடந்தது. வரிசையாகப் பத்து தட்டில் குறைந்தது எட்டு நான் நினைத்த மாதிரி வரும்வரை விற்பதில்லை என்று வைத்துக்கொண்டேன். இரண்டரை வருடம் ஆனது. இதை வியாபார புத்தி இல்லாதவள் என்று சொல்லும் நண்பர்களும் உண்டு. இருக்கலாம்.

இதற்கெல்லாம் காசு எங்கிருந்து வருகிறது? அலங்காரமே இல்லாத வெள்ளைக் கப்பிலிருந்துதான். 750 ரூபாய்க் கப்பு. கடையில் வைத்தால் நாற்பது சதவீதம் கடைக்குப் போகும். மிச்சத்தில் மண், கிளேஸ், ஒரு சூட்டுக்கு 19 கிலோ வணிக சிலிண்டர் இரண்டு, உதவிக்கு வரும் தம்பியின் கூலி. ஆன்லைனில் விற்றால் பெட்டிக்குள் பெட்டி, நடுவில் வைக்கோல், அப்படியும் வழியில் உடைகிறவை. ஒரு காபி கடை அறுபது தட்டு வாங்கிக்கொண்டு ஏழு மாதமாக, "அடுத்த வாரம் மேடம்" என்கிறது. விலை அதிகம் என்று சொல்கிறவர்களோடு நான் சண்டை போடுவதில்லை. அப்பாவின் பானை விற்கும் விலையைப் பார்த்தால் எனக்கே என் விலை அதிகமாகத்தான் தெரிகிறது. அவர் விலை குறைவு என்பதுதான் உண்மை, ஆனால் அதைச் சொல்லி என் கப்பை விற்க முடியாது.

அந்த விலை கொடுக்கிறவருக்கு நான் ஒன்றே ஒன்று பாக்கி. தெரிந்தே ஒரு பிழையை அவர் தலையில் கட்டி, அதற்கும் பில் போடக் கூடாது.

அப்படியானால் கெட்டுப்போனதை என்ன செய்வது? சுத்தியலால் உடைக்கும் ரீல்ஸ் இப்போது நிறைய வருகிறது. ஸ்லோ மோஷனில் உடைத்து, பின்னால் புல்லாங்குழல். எனக்கு வயிற்றெரிச்சல். சூளையில் வெந்த மண் மறுபடி மண் ஆகாது. ஒழுகுவதையும் விரிசல் விட்டதையும் உடைக்கத்தான் வேண்டும். ஆனால் நிறம் மாறிய கப்பு, புள்ளி விழுந்த கிண்ணம், இதில் ஒரு குடும்பம் பத்து வருடம் காபி குடிக்கலாம். பட்டறை வாசலில் ஒரு அலமாரி போட்டிருக்கிறேன். இரண்டாந்தரம், பாதி விலை. ஒவ்வொன்றின் அடியிலும் பென்சிலால் என்ன தப்பு என்று எழுதியிருக்கும்: "கைப்பிடி கோணல்", "கிளேஸ் மெலிசு", "நான் வேறு நிறம் நினைத்தேன்". மார்க்கெட்டைக் கெடுக்கிறாய் என்று சக கலைஞர் ஒருவர் போனிலேயே கத்தினார். கத்தட்டும்.

நாற்பத்தாறு தட்டில் வாங்கியவர்கள் யார் யார் என்று பழைய ஜிபே கணக்கில் தேடினேன். பதினோரு பேரைப் பிடிக்க முடிந்தது. பணமாகவோ புதுத் தட்டாகவோ தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். நாலு பேர், "எங்களுக்கு அந்தக் கோடுதாங்க புடிச்சிருக்கு" என்றார்கள். அதற்கு என்ன சொல்வதென்று தெரியாமல் சரிங்க என்றேன். ரொக்கமாகக் கொடுத்து வாங்கிய மற்றவர்கள் யாராவது இதைப் படித்தால் இன்பாக்ஸுக்கு வாருங்கள்.

புது வெள்ளை கிளேஸில் குவார்ட்ஸ் கூட்டியாகிவிட்டது. ஒரு தட்டை ஃப்ரீசரில் ராத்திரி முழுக்க வைத்து, காலையில் கொதிக்கிற தண்ணீரில் போட்டேன். மூன்று முறை. பாடவில்லை.

வரும் ஞாயிறு காலை பத்து மணிக்கு அலமாரி திறப்பு. நெல்மணித் தட்டும் இந்த முறை பன்னிரண்டு இருக்கிறது, அது முழு விலை. பை கொண்டு வாருங்கள். ஊரிலிருந்து அப்பா வருகிறார், வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். நீங்கள் எடுத்ததை வாங்கித் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் தருவார். கீழே வை என்றால் வைத்துவிடுங்கள். போன முறை என் மேசையிலிருந்தே மூன்றை எடுத்து ஓரம் வைத்துவிட்டார், அதில் ஒன்று நான் கண்காட்சிக்கு என்று ஒதுக்கி வைத்திருந்தது.