கடலைப் பார்த்து எரியும் அந்த விளக்கை ராத்திரியில் அணைத்துவிடுங்கள்

போன பங்குனியில் ஒரு ராத்திரி சென்னை கொட்டிவாக்கம் கடற்கரையில் பார்த்தது இன்னும் கண்ணை விட்டுப் போகவில்லை. மணி 3 இருக்கும். ஆமை முட்டை தேடி அலையோரமாக நடந்துகொண்டிருந்தோம். மேட்டு மணலில் பொடிப்பொடியாகத் தடங்கள், ஒன்றிரண்டு இல்லை, நூறு பக்கம் இருக்கும். ஆமைக் குஞ்சுகளின் தடம். கடலுக்குப் போயிருக்க வேண்டிய குஞ்சுகள் அத்தனையும் மேற்கே, ரோட்டைப் பார்த்துப் போயிருந்தன. அந்தப் பக்கம் ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தின் மதில் மேல் ஃபோகஸ் லைட் ஒன்று கடலைப் பார்த்துப் பட்டப்பகல் போல எரிந்துகொண்டிருந்தது.

ஒன்று அடப்பங்கொடிக்குள் சிக்கிக் கிடந்தது. இன்னொன்று யாரோ நடந்த காலடிக் குழிக்குள் விழுந்து, ஏற முடியாமல் துடுப்பை அடித்துக்கொண்டே இருந்தது. மதிலடியில் நாய் கடித்துப் போட்டவை. தேடித் தேடி ஒரு பக்கெட்டில் 43 குஞ்சுகளைச் சேர்த்தோம், அவ்வளவுதான் கிடைத்தது.

ராத்திரியில் குஞ்சுக்கு எது வெளிச்சமோ அதுதான் கடல். மின்விளக்கு இல்லாத காலத்தில் கரையில் நின்று பார்த்தால் நட்சத்திர வெளிச்சத்தில் கடல் பக்கம்தான் வெளுப்பாகத் தெரியும், அதை நம்பித்தான் அவை பிறக்கின்றன. நாம் லைட்டைப் போட்டு அந்தத் திசையையே மாற்றிவிட்டோம்.

ஆலிவ் ரிட்லி என்று செய்தித்தாளில் எழுதுகிறார்களே, அதுதான் நம் பங்குனி ஆமை. தை பிறந்ததும் நம் கரைக்கு வர ஆரம்பித்துவிடும். கரையேறி, பின்துடுப்பால் குடம் போல ஒரு குழி தோண்டி நூறுக்கும் மேல் முட்டையிட்டு, மணலை மூடி, உடம்பை இப்படியும் அப்படியும் ஆட்டித் தட்டி இறுக்கிவிட்டுப் போய்விடும். 45 நாள், 50 நாள் கழித்துக் குஞ்சு பொரிக்கும். ஆயிரத்தில் ஒன்றுதான் வளர்ந்து பெரிதாகும் என்பார்கள்.

1988-இல் சில மாணவர்கள் சேர்ந்து தொடங்கிய எஸ்.எஸ்.டி.சி.என். என்ற கடலாமைப் பாதுகாப்புக் குழு இன்றுவரை ஒவ்வொரு சீசனிலும் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை கிட்டத்தட்ட 7 கிலோமீட்டர் ராத்திரி முட்டை தேடி நடக்கிறது, இதுதான் ஆமை நடை. வருபவர்கள் கல்லூரிப் பிள்ளைகள், வேலை முடித்து வருகிறவர்கள், பள்ளிப் பிள்ளைகளோடு வரும் அப்பா அம்மாக்கள். மணலில் டிராக்டர் டயர் ஓடிய மாதிரி தடம் தெரிந்தால் எல்லாருக்கும் தூக்கம் பறந்துவிடும். குழியைக் கண்டுபிடித்து, தோள் வரை கையை விட்டு, பிங்பாங் பந்து மாதிரி இருக்கும் முட்டைகளை ஒவ்வொன்றாக எண்ணி எடுத்து, இட்ட சில மணி நேரத்துக்குள் பொரிப்பகத்துக்கு, அதாவது முட்டைகளைக் காவலில் வைத்துப் பொரிக்கவிடும் இடத்துக்குக் கொண்டுபோய் அதே அளவில் குழி தோண்டிப் புதைக்க வேண்டும். முட்டையை உருட்டக் கூடாது, குலுக்கக் கூடாது. முதல் தடவை என் கையில் ஒரு முட்டையைக் கொடுத்தபோது மூச்சை அடக்கிக்கொண்டுதான் வாங்கினேன். வனத்துறையும் பொரிப்பகங்கள் நடத்துகிறது.

ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஆமை இட்ட இடத்திலேயே முட்டை இருப்பதுதான் நல்லது. மணலின் சூட்டை வைத்துத்தான் குஞ்சு ஆணா பெண்ணா என்பதே முடிவாகிறது. அதை நாம் தோண்டி எடுத்து இடம் மாற்றுகிறோம் என்றால், இந்தக் கரையில் விட்டுவைக்க முடியாது என்பதால்தான். நாய், காக்கா, மனுஷன், எல்லாவற்றுக்கும் மேல் இந்த வெளிச்சம். ராத்திரியெல்லாம் நடக்கிற அந்தப் பிள்ளைகளைப் பாராட்டிவிட்டு நம் பால்கனி லைட்டை எரியவிடுவதில் என்ன பாராட்டு இருக்கிறது?

இதைப் பேசினாலே, "எல்லாம் மீனவர்களால்தான்" என்று ஒருவர் வந்துவிடுவார். 2025 ஜனவரியில் சென்னை, செங்கல்பட்டுக் கரைகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆமைகள் செத்து ஒதுங்கினபோதும் இதே பேச்சுதான். ஆமைக்கு நம்மைப் போல நுரையீரல், மேலே வந்து மூச்சு விட வேண்டும். இழுவலையில் மாட்டி நீருக்கடியில் இழுபட்டால் மூச்சுத் திணறிச் செத்துப்போகும். கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் விசைப்படகுகள் இழுவலை போடக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. அதை மீறுகிறவர்களைப் பிடிக்க வேண்டியது அரசாங்கம். குப்பத்தில் ஃபைபர் படகு வைத்துப் பிழைக்கும் அண்ணனை இதில் இழுக்காதீர்கள். "நேற்று அந்தப் பக்கம் ஆமை ஏறிச்சு தம்பி" என்று எங்களுக்கு எத்தனையோ தடவை குழியைக் காட்டிக்கொடுத்தவர்கள் அவர்கள்தான்.

சரி, அந்தக் கட்டடத்துக்கு மறுநாள் போனோம். சங்கத்துச் செயலாளர், "பாதுகாப்புக்குப் போட்ட லைட் சார், அணைக்க முடியாது" என்றார். முழுசாக அணைக்க வேண்டாம், கீழே பார்த்துத் திருப்புங்கள், கடல் பக்கம் ஒரு தகரத்தையாவது மறைப்பாகக் கட்டுங்கள் என்று கேட்டுப் பார்த்தோம். கமிட்டியில் பேசுகிறோம் என்றார். சீசன் முடியும்வரை அந்த லைட் அப்படியேதான் எரிந்தது. இப்போது மார்கழி பிறந்துவிட்டது, மறுபடியும் போகத்தான் போகிறேன்.

நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை கடலைப் பார்த்த வீட்டில் இருக்கும் நண்பர்கள் தயவுசெய்து உங்கள் சங்கக் கூட்டத்தில் இதை எடுங்கள். ஜனவரியிலிருந்து மே வரை, ராத்திரி 11 மணியிலிருந்து விடியும் வரை, மொட்டை மாடி லைட்டையும் கடல் பக்க லைட்டையும் மட்டும் அணைத்தால் போதும். ராத்திரி கரையில் ஆமையைப் பார்த்தால் டார்ச் அடிக்காதீர்கள், ஃபிளாஷ் போட்டுப் படம் எடுக்காதீர்கள், அதன் முன்னால் போய் நிற்காதீர்கள். தள்ளி உட்கார்ந்து, அது கடலுக்குத் திரும்பிப் போகும்வரை நாய் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள், அப்புறம் வனத்துறைக்கோ ஆமை நடைக் குழுவுக்கோ இடத்தைச் சொல்லிவிடுங்கள்.