பாடுகிறவருக்குத் தன் குரல் கேட்க வேண்டும்

ஒரு பாட்டு யூடியூப்பில் ஓடினால் போதும். நேற்றுவரை பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை மண்டபங்களில் முந்நூறு பேருக்கு வாசித்த ரொக் குழுவை, அடுத்த மாதமே திறந்த மைதானத்தில் நாலாயிரம் பேருக்கு முன்னால் ஏற்றிவிடுகிறார்கள். மகிழ்ச்சிதான். ஆனால் ஏற்பாட்டாளரின் காசு முதலில் எல்ஈடி திரைக்கும் புகைக்கும் போகிறது. குழு மேடையில் தன் சத்தத்தைத் தானே கேட்பதற்குக் கடைசியில் மிஞ்சுவது இரண்டு பழைய மொனிட்டர், அதாவது வாசிப்பவர்களை நோக்கி மேடையில் வைக்கும் ஸ்பீக்கர். இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும் என்பதுதான் என் கருத்து.

திடீர்ப் புகழ் வந்த குழுவுக்கு இது புதுப் பிரச்சினையும் இல்லை. 1965 ஆகஸ்ட் 15, நியூயோர்க் ஷே ஸ்டேடியத்தில் பீட்டில்ஸ். 55,000 பேருக்கு மேல் கூட்டம். கிட்டார்களுக்கு வொக்ஸ் கம்பனியின் 100 வாட் அம்ப் (சத்தத்தைப் பெருக்கும் பெட்டி). குரல் போனதோ மைதானத்தில் அறிவித்தல் சொல்லும் ஸ்பீக்கர்களில். ரசிகைகளின் கூச்சலில் நாலு பேருக்கும் தாங்கள் வாசிப்பதே கேட்கவில்லை. அடுத்த ஆகஸ்டில் சுற்றுப்பயணக் கச்சேரிகளையே நிறுத்திவிட்டார்கள். அந்த முடிவுக்கு இதுவும் ஒரு காரணம்.

மேடையில் நடப்பதைக் கிட்டப் போய்ப் பாருங்கள். ட்ரம்ஸ் மைக் இல்லாமலே காதைப் பிளக்கும். கிட்டார்காரர் அம்பைத் தரையில் வைத்திருப்பார். அதன் சத்தம் அவருடைய முழங்காலுக்குப் போகிறது, காதுக்குப் போவதில்லை. கேட்கவில்லை என்று வொலியூமைக் கூட்டுவார். ட்ரம்மர் இன்னும் பலமாக அடிப்பார். பாடகர் மிக்ஸர் பக்கம் திரும்பி "என்ர குரலைக் கூட்டுங்கோ" என்று கை காட்டுவார். கூட்டினால் மொனிட்டர் சத்தம் திரும்ப மைக்கில் ஏறி 'கீ...' என்று கத்தும். மூன்றாவது பாட்டில் சுருதி போய்விடும். பழி பாடகர் மேல்தான் விழும்.

இதில் பாதியைச் செலவில்லாமலே சரிசெய்யலாம். அம்பை ஒரு கதிரையில் ஏற்றி, வாசிப்பவரின் காதைப் பார்த்துச் சாய்த்து வையுங்கள். எஸ்எம்58 போன்ற கார்டியோயிட் மைக், அதாவது முன்பக்கச் சத்தத்தை அதிகமாக எடுக்கும் வகை, நேர் பின்பக்கச் சத்தத்தைத்தான் மிகக் குறைவாக எடுக்கும். ஆகவே மொனிட்டர் மைக்கின் வாலுக்கு நேரே இருக்க வேண்டும். அதைவிடக் குறுகலாக முன்பக்கத்தை எடுக்கும் சுப்பர்கார்டியோயிட் மைக் என்றால் அந்த அமைதியான இடம் பின்பக்கத்தில் இரு ஓரமாகத் தள்ளியிருக்கும். மொனிட்டரையும் அங்கே நகர்த்துங்கள். முக்கியமாக, மைக்கின் வலைத் தலையைக் கையால் பொத்திப் பிடிக்காதீர்கள். வீடியோவில் அழகாக இருக்கும்தான். பொத்தியவுடன் பின்பக்கத் துளைகள் அடைபட்டு, அது எல்லாப் பக்கச் சத்தத்தையும் இழுக்கும் மைக்காகிவிடுகிறது. 'கீ' சத்தம் பெரும்பாலும் அங்கேதான் பிறக்கிறது.

காதுக்குள் போடும் இன்-இயர் வாங்க வசதி வந்தால் நல்லது. அப்போது கூட்டத்தைப் பார்த்தபடி இரண்டு மைக் வைத்து அதையும் காதுக்கு அனுப்புங்கள். இல்லையென்றால் பாடகருக்கு ஆளில்லாத அறையில் பாடுவது போலிருக்கும். அரைப் பாட்டில் ஒரு பக்கத்தைக் கழற்றிவிடுவார்.

மின்சாரத்தில் விளையாட்டு வேண்டாம். லைட்டுக்கும் சவுண்டுக்கும் ஒரே லைன் கொடுத்தால் டிம்மரின் இரைச்சல் கிட்டாரில் ஏறும். எர்த் இரண்டு வழியில் சுற்றினால் 50 ஹேர்ட்ஸ் 'ம்ம்ம்' கேட்கும். அதை நிறுத்த பிளக்கின் எர்த் பின்னைக் கழற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படிக் கழற்றினால், கிட்டார் கம்பியில் விரலும் மைக்கில் உதடும் ஒன்றாகப் படும்போது 230 வோல்ட் உடம்பு வழியாகப் போகலாம். உயிர் போகிற வேலை. கிட்டாரை மிக்ஸரோடு இணைக்கும் டிஐ பெட்டியில், சிக்னல் வயரின் எர்த்தை மட்டும் துண்டிக்கும் கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்ச் இருக்கும்; அதை மட்டும் தொடுங்கள். ஒக்டோபர், நவம்பர் மாலைகளில் கொழும்பில் இடியோடு மழை வரும். வயர் இணைப்புகள் தரையை விட்டு உயர்ந்திருக்க வேண்டும். மேடை லைனுக்கு 30 மில்லிஅம்பியர் ட்ரிப் சுவிட்ச் கட்டாயம்.

கூட்டத்தின் பக்கமும் கணக்கு உண்டு. வெளியில் தூரம் இரட்டிப்பாகும்போது சத்தம் 6 டெசிபல் அளவுக்கு விழும். பத்து மீற்றரில் 100 என்றால் நாற்பது மீற்றரில் 88. இதற்காக முன் ஸ்பீக்கரை இன்னும் கூட்டினால் முன்வரிசைக்குக் காது வலிக்கும், பின்வரிசைக்கு வரி புரியாது. நாற்பது மீற்றரில் இரண்டாவது ஸ்பீக்கர் தொகுதி வைத்து, மேடைச் சத்தம் அங்கே வந்து சேரும் நேரத்துக்கு அதைத் தாமதப்படுத்துங்கள். நம் ஊர் இரவு வெப்பத்தில் ஒலி செக்கனுக்கு ஏறத்தாழ 348 மீற்றர் போகும். நாற்பது மீற்றருக்கு 115 மில்லிசெக்கன். அதோடு இன்னும் பத்து மில்லிசெக்கனைச் சேர்த்தால் சத்தம் மேடையிலிருந்து வருவதாகவே காது நம்பும். காலிமுகத்திடலில் கடற்காற்றுக்கு எதிராக ஸ்பீக்கரைத் திருப்பினால், ஒலி மேல்நோக்கி வளைந்து பின்வரிசையின் தலைக்கு மேலே போய்விடும்.

இவ்வளவையும் பார்க்க நேரம் வேண்டும். சவுண்ட் செக்கில் கடைசியில் வாசிக்கும் பெரிய குழு முதலில், தொடக்கக் குழு கடைசியில். அப்போதுதான் தொடக்கக் குழுவின் மேடை கலையாமல் இருக்கும். பிந்தித் தொடங்கினால் இழப்பு குழுவுக்குத்தான். உச்ச நீதிமன்றத்தின் 2007 உத்தரவுக்குப் பிறகு இரவு 10 மணி தாண்டி ஒலிபெருக்கிக்கு அனுமதி லேசில் கிடைக்காது. வெட்டுப்படுவது கடைசிக் குழுவின் பாட்டு.

ஆகவே தம்பி தங்கைகளே, ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்கும்போதே எழுதி வாங்குங்கள்: கேட் திறக்குமுன் இரண்டு மணி நேர சவுண்ட் செக், பாடுகிற ஒவ்வொருவருக்கும் தனி மொனிட்டர் மிக்ஸ் (அவரவருக்கு வேண்டிய சத்தக் கலவை), சவுண்டுக்குத் தனி ஜெனரேட்டர், உங்கள் பாட்டுகளை மனப்பாடமாகத் தெரிந்த ஒரு சவுண்ட்காரர் மிக்ஸரில். திரை எத்தனை அடி என்ற பேச்சை அதற்குப் பிறகு எடுக்கலாம்.