கேமரா அசையாததைக் குறை சொல்ல வேண்டாம்
ஆங்கில நகைச்சுவை நடிகர் ஃபிராங்க் ராண்டில் நடித்த, இரண்டாம் உலகப் போர்க்கால ராணுவ நகைச்சுவைப் படங்களில் கேமரா அசையவே இல்லை, அதனால் அவை சினிமாவே இல்லை என்று ஒரு கட்டுரையில் எழுதியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. பாட்டும் நகைச்சுவையும் கலந்த 'மியூசிக் ஹால்' மேடையில் வளர்ந்த மனிதர் ராண்டில், பல்லில்லாத வாயைக் கோணிக்கொண்டு அடுத்த நொடி என்ன செய்வார் என்று தெரியாது, அப்படிப்பட்டவரின் நடிப்பைத் துண்டு துண்டான ஷாட்டுகளாக எடுத்தால் சிரிப்பே செத்துவிடும், அதனால்தான் இயக்குநர் ஜான் பிளேக்லி கேமராவை ஓரிடத்தில் வைத்து ஓடவிட்டார். காசு குறைவு என்பதும் ஒரு காரணம்தான், சரி. ஆனால் 1940-இல் 'சம்வேர் இன் இங்கிலாந்து' வந்து, அடுத்த மூன்றே ஆண்டுகளில் 'சம்வேர் இன் கேம்ப்', 'சம்வேர் ஆன் லீவ்' என்று எடுத்தார்களே, ஓடாத படத்துக்கு யாராவது அதே வரிசையில் இன்னும் இரண்டு எடுப்பார்களா? வட இங்கிலாந்தின் லங்காஷயர் பகுதி மில் ஊர்களில் விழுந்து விழுந்து சிரித்த கூட்டத்துக்காக எடுத்த படங்கள் இவை.