எரேமியா 29:11 சீக்கிர விடுதலை பற்றிய வசனமா?

“நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கே” என்று தேவன் சொல்லும் பைபிள் வசனமான எரேமியா 29:11-ஐக் காட்டி, விசுவாசிக்கிறவரின் கஷ்டம் சீக்கிரமே தீரும் என்று தேவன் வாக்குக் கொடுத்திருப்பதாக உங்களில் சிலர் எழுதியிருக்கிறீர்கள். நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறீர்கள், ஆனால் அந்த வசனம் அப்படிச் சொல்லவில்லை.

அது பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எருசலேமிலிருந்து எரேமியா தீர்க்கதரிசி அனுப்பிய கடிதத்தில் வருகிறது. அதற்கு முந்தைய 10-ஆம் வசனமே அவர்கள் ஊர் திரும்ப 70 வருஷம் ஆகும் என்கிறது. கேட்டவர்களில் பலர் ஊர் திரும்பியே இருக்க மாட்டார்கள். அப்புறம், 28-ஆம் அதிகாரத்தில் இரண்டே வருஷத்தில் எல்லாம் சரியாகும் என்று அறிவித்தவர் அனனியா என்ற இன்னொரு தீர்க்கதரிசி. அவரைத்தான் எரேமியா பொய் சொன்னதாகக் கண்டிக்கிறார்!

யாருடைய விளக்கமும் வேண்டாம். 28, 29 இரண்டு அதிகாரங்களையும் சேர்த்துப் படியுங்கள், கால் மணி நேரம்கூட ஆகாது. 29:5-7-ஐ மட்டும் நிதானமாகப் பாருங்கள். வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து வையுங்கள், இருக்கிற ஊரின் நன்மைக்காக ஜெபம் பண்ணுங்கள் என்கிறார். கஷ்டம் நீங்காத காலத்திலும் வாழ்க்கைக்கு அர்த்தம் உண்டு என்பதுதான் அங்கே உள்ள ஆறுதல். வருஷக்கணக்காக நோயில் படுத்திருப்பவரிடம் “சீக்கிரம் தீரும்” என்று இந்த வசனத்தை வைத்து உறுதி சொன்னால், தீராதபோது அவர் தன் விசுவாசத்தையே சந்தேகிப்பார். தயவுசெய்து 10-ஆம் வசனத்தையும் சேர்த்துப் பகிருங்கள்.