சவரக்கத்தியால் தாடி தடிக்காது

அண்ணே, சவரக்கத்தியால் தினமும் மழித்தால் தாடி தடித்து முரடாகிவிடும், அதனால் இளவட்டங்கள் இந்தப் பழக்கத்துக்கே போகக்கூடாது என்று மேலே எழுதியிருக்கிறீர்கள். நம் சுங்கை சிப்புட் தம்பிகள் சிலர் அதைப் பகிரவும் தொடங்கிவிட்டார்கள். உங்கள் அக்கறை புரிகிறது. ஆனால் விஷயம் அப்படியில்லை.

முடி வளர்வது தோலுக்கு அடியில், வேர்ப்பகுதியில். கத்தி தொடுவது வெளியே வந்துவிட்ட உயிரற்ற பகுதியை மட்டும்தான். எந்தக் கத்தி, எத்தனை கூர் என்பதெல்லாம் வேருக்குத் தெரியாது. பிறகு ஏன் முரடாகத் தெரிகிறது? வெட்டாத முடியின் நுனி சீவிய பென்சில்போல மெலிந்திருக்கும். மழித்தபின் அந்த நுனி போய்விட, தட்டையாக வெட்டுப்பட்ட அடிப்பகுதி மேலே வருகிறது. விரலுக்கு அது குத்தும், அவ்வளவுதான். பதினெட்டு வயதுக்காரனுக்குத் தாடி அடர்வது வயதின் வேலை. பாவம், பழி கத்திமேல் விழுகிறது! தைப்பூச மொட்டைக்குப் பிறகு குழந்தைக்கு முடி அடர்த்தியாக வருகிறது என்பார்களே, அதுவும் இதே வகைதான்.

1970-ல் லின்ஃபீல்டு, மெக்வில்லியம்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 5 இளைஞர்களின் ஒரு காலை மட்டும் வாரந்தோறும் மழித்து, மறு காலை அப்படியே விட்டு, பல மாதம் பார்த்தார்கள். முடியின் தடிமனிலும் வளரும் வேகத்திலும் மழித்ததால் வந்த வித்தியாசம் எதுவும் இல்லை.

நம்பிக்கை வரவில்லையென்றால் வீட்டிலேயே பாருங்கள். ஒரு முன்கையை மட்டும் சில மாதம் மழியுங்கள். பிறகு நிறுத்தி, முடி முழுதாக வளரும்வரை பொறுத்திருங்கள். இரண்டு கையிலிருந்தும் ஒவ்வொரு முடியைப் பிடுங்கி, நடுப்பகுதியைப் பூதக்கண்ணாடியில் ஒப்பிடுங்கள். பாதி வளர்ந்த நிலையில் ஒப்பிட்டால் மட்டும் ஏமாந்துவிடுவீர்கள்.